விட்டுச்சென்ற குதிரை யாருக்குச் சொந்தம்?

ஆடி பிறந்தால் முகூர்த்தங்கள் நின்றுவிடும். மாப்பிள்ளை அழைப்புக்கும் சாரட்டு வண்டிக்கும் குதிரை அனுப்பிப் பிழைப்பவர்களுக்கு அது வருமானம் வற்றும் மாதம்; ஆனால் குதிரையின் வயிறு முகூர்த்தம் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட நாளில்தான் கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ கொஞ்சம் இடவசதியோடு கொட்டகை வைத்திருப்பவரிடம் குதிரை வந்து சேர்கிறது. “அண்ணே, ஆவணி வரைக்கும் பாத்துக்கோ, முகூர்த்தம் ஆரம்பிச்சதும் நானே வந்து ஓட்டிக்கினு போயிடறேன், தீவனக் காசு மாசாமாசம் அனுப்பிடறேன்” என்பதுதான் பெரும்பாலும் முழு ஒப்பந்தமும். முதல் மாதப் பணம் வரும். அடுத்த மாதம் பாதி வரும். அதன் பிறகு தொலைபேசி எடுக்கப்படாது. ஏற்கெனவே மெலிந்து வந்த குதிரையைப் புல்லும் மருந்தும் கொடுத்துத் தேற்றியவர், ஓராண்டு கழித்து அதைத் தம்முடையது என்றே எண்ணத் தொடங்கியிருப்பார். அந்த நேரத்தில் பழைய உரிமையாளர் வாசலில் வந்து நிற்பார்.

குதிரை யாருடையது என்பதற்குச் சட்டம் தரும் விடை, அதைக் காப்பாற்றியவருக்குக் கசப்பானது. பட்டினி போட்டதாலோ பார்க்க வராததாலோ ஒருவருடைய உரிமை தானாகப் போய்விடாது. தீனி போட்டதால் மட்டும் இன்னொருவருக்கு உரிமை வந்துவிடவும் செய்யாது. அதே வேளையில், குதிரை கொட்டகைக்குள் வந்த முதல் நாளிலிருந்தே அதன் நலனுக்கான சட்டப் பொறுப்பு பராமரிப்பவர் மீதும் விழுந்துவிடுகிறது. உரிமை ஒருவரிடமும் கடமை மற்றொருவரிடமும் இப்படிப் பிரிந்து நிற்பதை அறியாமல்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். சிலர் வழக்கில் சிக்குகிறார்கள். குதிரையை விட்டுச்சென்றவரைவிட அதைப் பார்த்துக்கொண்டவருக்கே இந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அவர் பக்கத்திலிருந்தே இதை விளக்க முயல்கிறேன்.

உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டு தொடர்பான நாகராஜா வழக்கில், தேவையற்ற வலியும் துன்பமும் இல்லாமல் வாழ விலங்குகளுக்கு உரிமை உண்டு என்று சொன்னது. இருந்தாலும் உரிமையியல் சட்டத்தின் கண்ணில் குதிரை இன்றும் ஓர் அசையும் சொத்துதான். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் சொல்லும் ‘சரக்கு’ என்பதற்குள் அதுவும் அடங்கும். விற்பனைக்குப் பத்திரம் கட்டாயமில்லை. பேச்சும் கைமாற்றமும் போதும். பந்தயக் குதிரைகளுக்கு புனேயில் உள்ள இந்திய ஸ்டட் புக் ஆணையத்தின் பதிவேடு இருக்கிறது. தாய், தந்தை, அடையாளக் குறிகள் வரை அதில் ஏறியிருக்கும். ஊர்வலக் குதிரைக்கும் வண்டிக் குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் அப்படி எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. சந்தையில் வாங்கியதற்குக் கையெழுத்திட்ட துண்டுச்சீட்டு இருந்தாலே பெரிய விஷயம். ஆகவே இந்தத் தகராறுகளில் ஆவணத்தைவிட, யார் யாரிடம் எந்தப் பேச்சின் பேரில் கொடுத்தார் என்பதே எடைபோடப்படுகிறது.

அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் ஒரு வடிவம் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 148ஆம் பிரிவு, ஒரு நோக்கத்துக்காகப் பொருளை ஒருவரிடம் கொடுத்து, நோக்கம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் அல்லது சொன்னபடி கையாள வேண்டும் என்று ஏற்படும் உறவை ‘ஒப்படைப்பு’ என்கிறது. எழுத்தும் கையெழுத்தும் அதற்குத் தேவையில்லை. சட்டத்தை வகுத்தவர்கள் காலத்தில் குதிரை அன்றாடப் பொருளாக இருந்ததால், இந்த அத்தியாயத்தின் எடுத்துக்காட்டுகளில் குதிரை திரும்பத் திரும்ப வருகிறது. முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் கொடுத்து, அது மிரண்டு ஓடி, ஏறியவர் விழுந்து காயம்பட்டால் கொடுத்தவரே பொறுப்பு என்பது 150ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு. சவாரிக்கு மட்டும் வாடகைக்கு வாங்கிய குதிரையை ஒருவர் தம் வண்டியில் பூட்டினால், உரிமையாளர் விரும்பினால் ஒப்படைப்பை அத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்கிறது 153. தாமே ஏறிச் செல்ல வாங்கிய குதிரையில் குடும்பத்தார் ஒருவரை ஏற்றி, அவர் கவனமாகவே ஓட்டியிருந்தும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபட்டால்கூட ஈடு தர வேண்டும் என்கிறது 154.

கடைசியாகச் சொன்னதைக் கொட்டகைக்காரர்கள் மனத்தில் வைக்க வேண்டும். தீவனச் செலவை ஈடுகட்ட, விட்டுச்சென்ற குதிரையை ஒரு கலியாண ஊர்வலத்துக்கு அனுப்புவது நியாயமாகவே தோன்றும். பட்டாசுச் சத்தத்தில் அது மிரண்டு கால் முறிந்தால், அதுவரை செலவழித்த பணம் ஒரு பக்கம் இருக்க, முழு நஷ்டமும் அனுப்பியவர் தலையில் விழும். பார்த்துக்கொள்ளக் கொடுத்த குதிரையை வேலைக்கு விட, கொடுத்தவரின் சம்மதம் தனியாக வேண்டும்.

பராமரிப்பின் அளவுகோலை 151ஆம் பிரிவு சொல்கிறது: சாதாரண முன்யோசனை உள்ள மனிதர் தம்முடைய அதே வகைப் பொருளை அதே சூழலில் எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும். காசு வாங்காமல் வைத்திருந்தாலும் அளவுகோல் இதுவே. அந்த அக்கறை காட்டியிருந்தும் குதிரை இறந்துபோனால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, 152ஆம் பிரிவின்படி பொறுப்பில்லை. ஆனால் அக்கறை காட்டியதை நிரூபிக்க வேண்டியவர் வைத்திருந்தவரே; லாயத்துக்குள் நடந்தது அவருக்குத்தானே தெரியும். இங்கே இரக்கம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பல வாரம் பட்டினி கிடந்த குதிரைக்கு வந்த அன்றே வாளி நிறையக் கொள்ளும் தவிடும் வைப்பது அதைக் கொன்றுவிடக்கூடும். திடீர்த் தானியத்தால் வயிற்றுவலியும் குளம்பு வீக்கமும் வரும், உடலின் உப்புச் சமநிலையும் குலையும். புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுத்து, கால்நடை மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் தேற்ற வேண்டும். நல்ல மனத்தோடு செய்த இந்தத் தவறு பிறகு கவனக்குறைவாகவே பார்க்கப்படலாம்.

அடுத்ததாக, கைவிடுதல். ஒரு பொருளின் மீதான உரிமையை ஒருவர் மனமறிந்து துறக்கலாம் என்பதைச் சட்டம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனத்தைக் காட்டுவது எளிதன்று. பணம் அனுப்பாதது கடன். பார்க்க வராதது அலட்சியம். தொலைபேசியை எடுக்காதது ஏய்ப்பு. இவை சேர்ந்து துறந்ததற்கான அறிகுறிகள் ஆகலாம், ஆனால் “கையில் காசு இல்லை, வந்து எடுப்பதாகத்தான் இருந்தேன்” என்று உரிமையாளர் சொன்னால் அவை தளர்ந்துவிடும். “நீயே வெச்சிக்கோ, எனக்கு வேணாம்” என்று அவரே எழுதியனுப்பிய ஒரு குறுஞ்செய்தி, இவை எல்லாவற்றையும்விட வலுவானது.

ஆண்டுக்கணக்கு கடந்தால் உரிமை மாறிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. நிலத்தில் 12 ஆண்டு அனுபவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அதைக் குதிரைக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். காலவரம்புச் சட்டம், 1963-இன் அட்டவணையில் 70ஆம் இனம் ஒப்படைத்த பொருளைத் திரும்பப் பெறும் வழக்குக்கு 3 ஆண்டு தருகிறது. அந்த 3 ஆண்டு குதிரையை விட்ட நாளிலிருந்தோ பணம் நின்ற நாளிலிருந்தோ ஓடத் தொடங்காது. உரிமையாளர் கேட்டு, வைத்திருப்பவர் மறுத்த நாளில்தான் தொடங்கும். கேட்கவே வராத உரிமையாளருக்குக் கெடு தொடங்கவே இல்லை. 8 ஆண்டு கழித்து வந்து கேட்டாலும், அன்று மறுக்கப்பட்டால் அன்றிலிருந்தே எண்ணிக்கை. அந்த 3 ஆண்டும் வழக்கின்றிக் கழிந்தால்தான், 27ஆம் பிரிவின்படி அவர் உரிமை அணைந்துபோகும்.

பராமரித்தவரின் பண உரிமைக்கோ இந்தச் சலுகை இல்லை. தீவனம், லாடம், மருந்து என்று அவர் செலவழித்ததற்கான வழக்குக்கும் பொதுவாக 3 ஆண்டுதான். ஆனால் அது செலவு செய்யச் செய்ய ஓடிக்கொண்டிருக்கும். 8 ஆண்டு வளர்த்தவர் வழக்குக்குப் போனால் முதல் 5 ஆண்டுச் செலவு பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். குதிரையோ இன்னும் விட்டுச்சென்றவருடையதாகவே இருக்கும். வராதவரின் கடிகாரம் நின்றும் வளர்த்தவரின் கடிகாரம் ஓடியும் இருப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான் என்பதால், கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையாவது பெற்றுவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி அதிலிருந்து புதிய 3 ஆண்டு கிடைக்கும்.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் உரிமையாளர் யாரென்றே தெரியாமல் அலைந்த குதிரையை ஒருவர் பிடித்துக் கட்டினால் நிலைமை வேறு. அவர் ‘கண்டெடுத்தவர்’. ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு அவருக்கும் ஒப்படைப்பு ஏற்றவரின் பொறுப்பையே தருகிறது. உரிமையாளரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் தமதாக்கிக்கொண்டால் குற்றமாகும். 168ஆம் பிரிவின்படி, தம் விருப்பப்படி செய்த செலவுக்காக வழக்குப் போட முடியாவிட்டாலும், ஈடு கிடைக்கும் வரை அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். 169 இன்னும் ஒரு படி மேலே போகிறது: தேடியும் உரிமையாளர் கிடைக்காவிட்டால், அல்லது கிடைத்தும் சட்டப்படியான செலவைத் தர மறுத்தால், பொருள் அழியும் நிலையில் இருக்கும்போதோ செலவு பொருளின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டும்போதோ அதை விற்கலாம். 60,000 ரூபாய் பெறும் குதிரைக்கு முறையான செலவு 40,000 ஆகிவிட்டால் விற்கும் உரிமை பிறக்கிறது. தெரிந்தவர் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போன குதிரைக்கு இந்தப் பிரிவு நேராகப் பொருந்தாது. முகம் தெரியாதவரின் குதிரையைக் காத்தவருக்கு இருக்கும் வழி, நண்பரை நம்பிக் காத்தவருக்கு இல்லை.

அவருக்கு இருப்பது வேறு. கூலி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால், தேவையான செலவுகளை உரிமையாளர் திருப்பித் தர வேண்டும் என்று 158ஆம் பிரிவு சொல்கிறது. மாதம் இவ்வளவு என்று பேசியிருந்தால் அந்தத் தொகை ஒப்பந்தக் கடன். பேசிய காலம் முடிந்தபின் செய்த செலவுக்கு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்த உதவியின் பலனைப் பெற்றவர் ஈடு தர வேண்டும் என்னும் 70ஆம் பிரிவும் துணைக்கு வரும்.

ஆனால் பணம் வரும்வரை குதிரையைத் தரமாட்டேன் என்று நிறுத்திவைக்க முடியுமா? இதில்தான் பெரும்பாலான சண்டைகள் முற்றுகின்றன. 170ஆம் பிரிவு தரும் பற்றுரிமை, அதாவது பாக்கி தீரும்வரை பொருளைத் தம்மிடமே நிறுத்திவைக்கும் உரிமை, அந்தப் பொருளின் மீது உழைப்பையோ திறமையையோ செலுத்திச் சேவை செய்தவருக்கானது; வைரத்தைப் பட்டை தீட்டியவரும் துணியைத் தைத்தவரும் அதன் எடுத்துக்காட்டுகள். வெறுமனே கட்டிவைத்துத் தீனி போட்டது அந்த வகைச் சேவை ஆகுமா என்பதில் ஆங்கிலேய நீதிமன்றங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கோடு கிழித்தன. பந்தயக் குதிரையைப் பழக்கியவருக்கு 1828இல் பற்றுரிமை உண்டு என்றார்கள்; புல்லும் இடமும் மட்டும் கொடுத்தவருக்கு 1833இல் இல்லை என்றார்கள். இந்தியச் சட்டத்தின் இந்தப் பிரிவும் அந்த மரபில் வந்ததே. ஆகவே அறிவுறுத்தலின்படி குளம்பைச் சீர்செய்து, நோய்க்கு வைத்தியம் பார்த்து, வண்டிக்குப் பழக்கிக் குதிரையை முன்னைவிட மேம்படுத்தியவரின் வாதம் வலுவானது. தீனிக் கணக்கை மட்டும் வைத்திருப்பவரின் வாதம் பலவீனமானது. இந்த இடைவெளியை முன்கூட்டியே அடைக்க ஒரே வழி, பாக்கி தீரும்வரை நிறுத்திவைக்கும் உரிமையையும், இத்தனை மாதம் தராவிட்டால் அறிவிப்பு கொடுத்து விற்கும் உரிமையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது.

பற்றுரிமை உண்மையாகவே இருக்குமானால் அது உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில், பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து வந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு: பழுதுபார்த்த கூலிக்காகக் கடைக்காரர் முறைப்படி பிடித்துவைத்த தம் சொந்தக் கைக்கடிகாரத்தையே, அந்தப் பிணையை இழக்கச்செய்யும் நோக்கத்தோடு ஒருவர் எடுத்துச் சென்றால் அது திருட்டு. கூலி பாக்கி எதுவும் இல்லையென்றால் திருட்டு அன்று. இரவில் வந்து குதிரையை அவிழ்த்துக்கொண்டு போகும் உரிமையாளருக்கும் இது பொருந்தும். மறுபுறம், தமக்குச் சொந்தமில்லாத குதிரையை நேர்மையற்ற நோக்கத்தோடு விற்றுவிட்டவர் 316ஆம் பிரிவின்படி நம்பிக்கை மோசடிக் குற்றத்துக்கு ஆளாவார். வாங்கியவருக்கும் நல்ல உரிமை கிடைக்காது. விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது என்பதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறும் பொது விதி.

இதுவரை சொன்னவை உரிமையும் பணமும். குதிரையின் உயிர் சம்பந்தப்பட்டது மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960. அதன் 2ஆம் பிரிவில் ‘உரிமையாளர்’ என்பதற்குத் தந்திருக்கும் விளக்கத்தைக் கொட்டகை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டும்: உண்மையான உரிமையாளர் மட்டுமின்றி, அவருடைய சம்மதத்தோடோ சம்மதம் இன்றியோ அந்த நேரத்தில் விலங்கைத் தம் வசத்தில் வைத்திருப்பவரும் அதில் அடங்குவார். போதிய தீனியும் நீரும் தங்குமிடமும் தராத ‘உரிமையாளர்’ 11ஆம் பிரிவின்படி குற்றவாளி. பணம் வரவில்லை என்று தீனியைக் குறைக்கும் பராமரிப்பாளரும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறார். “என் குதிரை இல்லை” என்பது இங்கே பதிலாகாது. 3ஆம் பிரிவும் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்குமே நலன் காக்கும் கடமையை விதிக்கிறது. இது சரியான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். பசித்த விலங்குக்கு யார் பெயரில் அது இருக்கிறது என்பது தெரியாது.

நியாயமான காரணமின்றி, பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவதும் அதே பிரிவின் கீழ் குற்றம். தீனி போடுவார் என்று நம்பி ஒருவரிடம் விட்டுச்சென்றதை இதற்குள் கொண்டுவருவது சிரமம். பணத்தை நிறுத்திவிட்டு, குதிரை பட்டினி கிடக்கிறது என்று அறிவிப்பு கிடைத்தும் அசையாதவர் மீது சொல்வது அதைவிட எளிது. தண்டனையோ வெட்கப்பட வைப்பது. முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. அந்த 50 ரூபாய்க்கு இன்று ஒரு கிலோ கொள்ளுகூட வராது. தீனி தராததும் கைவிடுவதும் காவல்துறை தானாகக் கைது செய்யக்கூடிய குற்றங்களாக இச்சட்டத்தில் வகைப்படுத்தப்படவும் இல்லை. போதாக்குறைக்கு, குற்றம் நடந்து 3 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று 36ஆம் பிரிவு கெடு வைக்கிறது. மெலிந்த குதிரையை முதலில் பார்த்த அன்றே புகார் எழுதாமல் ‘வருவார், வருவார்’ என்று ஆறு மாதம் காத்திருப்பவர், அந்தப் பழைய பட்டினிக்கான வழக்கை இழந்துவிடுகிறார்.

அபராதம் அற்பமாக இருந்தாலும் இந்தச் சட்டத்தில் வேறு இரண்டு கதவுகள் இருக்கின்றன. காவலர் பதவிக்கு மேற்பட்ட காவல்துறை அலுவலர், குற்றம் நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால், 34ஆம் பிரிவின்படி விலங்கைக் கைப்பற்றி மாஜிஸ்திரேட்டிடமோ கால்நடை மருத்துவ அலுவலரிடமோ பரிசோதனைக்கு நிறுத்தலாம். 35ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் அதைச் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் அனுப்பலாம். அந்தச் செலவு உரிமையாளரைச் சாரும். குறித்த நாளுக்குள் அவர் அழைத்துச் செல்லாவிட்டால், விலங்கை விற்று அந்தத் தொகையிலிருந்து செலவை ஈடுசெய்ய மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மிச்சத்தை 2 மாதத்துக்குள் விண்ணப்பித்து உரிமையாளர் பெற்றுக்கொள்ளலாம். விட்டுச்சென்ற விலங்கைச் சட்டப்படி இன்னொரு கைக்கு மாற்ற நம் சட்டத்தில் இருக்கும் மிகத் தெளிவான வழி என்று இதைத்தான் நான் சொல்வேன். மற்றொரு கதவு 29ஆம் பிரிவு: உரிமையாளர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, குதிரையை அவரிடம் விட்டால் மேலும் கொடுமை நேரும் என்று தெரிந்தால், அவருடைய உரிமையையே நீதிமன்றம் பறிக்கலாம். பறிக்கப்பட்ட விலங்கு அரசைச் சேரும். புகார் கொடுத்தவருக்கு வந்துவிடாது. வழக்கு நடக்கும் காலத்தில் விலங்கை விலங்குநல அமைப்பு ஒன்றின் பொறுப்பில் வைக்க 2017ஆம் ஆண்டின் விதிகள் இடம் தருகின்றன. வேப்பேரியில் மிருகவதைத் தடுப்புச் சங்கமும், அருகிலேயே 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருப்பது வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி. மருத்துவமனைச் சீட்டும் வழக்குச் சான்றும் ஒரே பயணத்தில் கிடைக்கும்.

சான்று என்று சொல்லும்போது, குதிரை வந்த நாளின் நிலையைப் பதிந்துவைப்பதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றனவா, இடுப்பெலும்பும் வால் அடியும் துருத்தி நிற்கின்றனவா, சேணம் உராய்ந்த இடத்தில் புண் ஆறாமல் இருக்கிறதா என்று இரு பக்கமும் பின்புறமும் படம் எடுக்க வேண்டும். குளம்பைத் தனியாக எடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்க வேண்டிய குளம்பு மாதக்கணக்கில் விடப்பட்டிருந்தால் நுனி நீண்டு, ராஜபார்ட் வேடக்காரரின் செருப்பைப் போல மேல்நோக்கி வளைந்திருக்கும். வந்த அன்று எடுத்த அந்த ஒரு படம், பட்டினி யாருடைய பொறுப்பில் நேர்ந்தது என்று சொல்லிவிடும். குதிரையின் உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் முறை 1983 முதல் கால்நடை மருத்துவர்களிடம் புழக்கத்தில் இருக்கிறது. அந்த எண்ணைச் சீட்டில் எழுதித் தரக் கேட்டு வாங்கலாம். பிறகு ஒரு சாதாரண நோட்டு போதும்: தேதி, புல்லுக்கட்டு, கொள்ளு, தவிடு, லாடம் அடித்தவருக்குக் கொடுத்த கூலி, மருந்து. தொலைபேசியில் உள்ள செய்திகளையும் பணப்பரிமாற்றப் பதிவுகளையும் நீதிமன்றத்தில் காட்ட, இன்றைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும் என்பதால், அந்தப் பழைய தொலைபேசியை விற்றுவிடக் கூடாது.

உரிமையாளருக்கு அனுப்பும் அறிவிப்பு கோபத்தில் எழுதியதாக இருக்கக் கூடாது. குதிரையின் நிறம், நெற்றிச் சுழி, வயது, விட்டுச்சென்ற நாள், பேசிய தொகை, இதுவரை ஆன செலவு, இன்ன தேதிக்குள் பாக்கியைத் தீர்த்து அழைத்துச் செல்ல வேண்டும், தவறினால் என்ன செய்யப்போகிறோம் என்ற விவரங்கள், சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் அஞ்சலில் போக வேண்டும். இந்த அறிவிப்பே தனக்கு விற்பனை உரிமையைத் தந்துவிடும் என்று நினைப்பது தவறு. இங்கிலாந்தில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு: ஒப்படைத்த பொருளை எடுக்க வராதவருக்கு முறைப்படி அறிவிப்பு கொடுத்து விற்க 1977ஆம் ஆண்டுச் சட்டமும், அனுமதியின்றி ஓர் இடத்தில் விடப்பட்ட குதிரை, காவல்துறைக்கு முறைப்படி தெரிவித்தும் 96 மணி நேரத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் பிடித்துவைத்தவருக்கே சொந்தமாக 2015ஆம் ஆண்டுச் சட்டமும் வழி செய்கின்றன. இங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பணத்துக்கான வழக்கோடு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் கட்டளை, 6ஆம் விதியின்படி இடைக்கால விற்பனை கோரலாம். வழக்குக்கு உரிய அசையும் பொருள் விரைவில் கெடக்கூடியதாக இருந்தாலோ வேறு தகுந்த காரணம் இருந்தாலோ உடனே விற்க நீதிமன்றம் உத்தரவிடலாம். தீர்ப்பு வரும்வரை தினமும் தின்றுகொண்டிருக்கும் உயிரைவிடத் தகுந்த காரணம் வேறு இருக்காது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாத பெண்களும் பட்டியல் வகுப்பினரும் குறைந்த வருமானத்தினரும், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச உதவி கேட்கலாம்.

வாசலுக்கு வருபவர் எப்போதும் விட்டுச்சென்றவராகவே இருப்பதில்லை. “எனக்குப் பாதிப் பணம் பாக்கி” என்று விற்றவரும், “என்னிடம் அடமானம் வைத்தது” என்று வட்டிக்குக் கொடுத்தவரும் வரலாம். கையில் வைத்திருப்பவரே உரிமையாளர் என்ற அனுமானம் சாக்ஷிய அதிநியமத்தின் 113ஆம் பிரிவில் இருப்பதால், அந்நியர்தான் தம் உரிமையை நிரூபிக்க வேண்டும். வற்புறுத்தலுக்குப் பயந்து குதிரையைத் தந்துவிடக் கூடாது. வேறு யாரேனும் அநியாயமாக ஓட்டிச் சென்றால், ஒப்பந்தச் சட்டத்தின் 180ஆம் பிரிவின்படி பராமரிப்பவரே உரிமையாளரைப் போல வழக்குத் தொடுக்கலாம். ஆனால் விட்டுச்சென்றவரிடமே “உனக்கு இதைக் கொடுக்க என்ன உரிமை இருந்தது?” என்று கேட்க சாக்ஷிய அதிநியமத்தின் 123ஆம் பிரிவு அனுமதிக்காது. அவர் இறந்துபோனால், இலவச ஒப்படைப்பு ஒப்பந்தச் சட்டத்தின் 162ஆம் பிரிவின்படி அத்துடன் முடிந்து, குதிரை வாரிசுகளுக்குப் போகும். செலவுக் கணக்கும் அவர்கள் பெறும் சொத்தின் மீதே நிற்கும்.

விட்டுச்சென்றது சினைக்குதிரையாக இருந்து கொட்டகையில் குட்டி போட்டால், அந்தக் குட்டியும் பராமரித்தவருடையது ஆகாது. பார்த்துக்கொள்ள விட்ட பசு ஈன்றால் கன்றையும் சேர்த்தே திருப்பித் தர வேண்டும் என்று 163ஆம் பிரிவு எடுத்துக்காட்டோடு சொல்கிறது. பிரசவத்துக்கும் குட்டிக்கும் ஆன தேவையான செலவைக் கேட்கலாம். குட்டியை விற்று அதை எடுத்துக்கொள்ள முடியாது.

பல தகராறுகள் கடைசியில், “பாக்கியைக் கேட்காதே, குதிரையை நீயே எடுத்துக்கொள்” என்ற சமரசத்தில்தான் முடிகின்றன. அது இருவருக்கும் நல்ல முடிவு. ஆனால் அங்கேயும் பேச்சோடு நிறுத்திவிடக் கூடாது. பாக்கிக்கு ஈடாகக் கொடுப்பது விற்பனைக்கு ஒப்பானது. எதுவும் வாங்காமல் கொடுப்பது தானம். சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 123ஆம் பிரிவின்படி அசையும் பொருளின் தானம் பதிவுப் பத்திரத்தாலோ கையளிப்பாலோ நிறைவேறும். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் ஏற்றிருக்கவும் வேண்டும். குதிரை ஏற்கெனவே பெறுபவரின் கொட்டகையிலேயே நிற்பதால், கையளிப்பு எப்போது நடந்தது என்ற கேள்வி பின்னால் எழும். ஆகவே இருவரும் நேரில் இருக்க, சாட்சிகள் முன்னிலையில் கயிற்றைக் கையில் கொடுத்து, குதிரையின் அடையாளங்கள், இன்ன தேதி முதல் முழு உரிமையும் மாறுகிறது என்பது, எந்தப் பாக்கி தீர்ந்தது என்பது, இதற்குமுன் யாரிடமும் அடமானம் வைக்கவில்லை என்ற உறுதி, குட்டி இருந்தால் அதுவும் சேர்ந்ததா என்பது ஆகிய அனைத்தையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.